நடந்தே இராத கச்சேரி: கிரேட்ஃபுல் டெட்டின் இரண்டாவது ஆல்பம்

1968 ஜூலையில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ‘ஆந்தம் ஆஃப் தி சன்’ என்ற இசைத்தட்டை வெளியிட்டது. சான்ஃபிரான்சிஸ்கோவின் சைக்கடெலிக் ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் இரண்டாவது ஆல்பம் அது. இரண்டு பக்கத்திலும் சேர்த்து ஐந்தே பாடல்கள். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 87ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. முதல் ஆல்பம் 73 வரை போயிருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் குழுவின் ரசிகர்களே இதில் இரண்டு கட்சியாகத்தான் நிற்கிறார்கள். ஒரு கட்சிக்கு இது குழுவின் துணிச்சலான ஸ்டூடியோ வேலை; மறு கட்சிக்கு, நல்ல கச்சேரிப் பதிவுகளை வீணடித்த குழப்பம்.

ரசனை வேறுபாடு என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு இரவுகளில் வாசித்ததை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே பாட்டாகக் கேட்கவைப்பது என்று குழு எடுத்த முடிவுதான் இரண்டு கட்சிகளையும் உண்டாக்கியது. அந்த முடிவு டேப்பில் என்ன செய்தது என்று தெரிந்துகொண்டால், பிடிக்காதவர்களின் காதும் சரியாகத்தான் கேட்டிருக்கிறது என்பது புரியும்.

முதல் ஆல்பத்தை 1967 ஜனவரியில் ஹாலிவுட்டின் ஆர்சிஏ ஸ்டூடியோவில் நான்கே நாளில் முடித்திருந்தார்கள். தயாரிப்பாளர் டேவ் ஹாஸிங்கர், ரோலிங் ஸ்டோன்ஸுக்கும் ஜெஃபர்சன் ஏர்ப்ளேனுக்கும் ஒலிப்பதிவு செய்தவர். வேலை சுத்தமாக இருந்தது, ஆனால் பாட்டுகள் ஓட்டமாக ஓடின. மேடையில் இருபது நிமிடம் விரியும் குழு, தட்டில் பெரும்பாலும் இரண்டரை நிமிடத் துண்டுகளாகச் சுருங்கிப் போனது. ‘இது நாங்கள் இல்லை’ என்ற எண்ணம் குழுவுக்குள் இருந்தது. இரண்டாவது ஆல்பத்துக்குள் நுழையும்போது அவர்களிடம் இருந்த ஒரே தெளிவு அதுதான்.

அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் குழுவும் மாறியிருந்தது. 1967 செப்டம்பர் 29 அன்று மிக்கி ஹார்ட் இரண்டாவது டிரம்மராக வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் அவர் ரவிசங்கருக்கு வாசிக்க வந்த தபலா மேதை அல்லா ரக்காவைச் சந்தித்திருந்தார். தாளத்தைப் பின்னணியாக வைக்காமல் கணக்காகப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கிருந்து வந்தது. அதைக் குழுவின் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். ஒருவர் ஏழில் போவார், மற்றவர் நான்கில் போவார். 28 எண்ணிக்கைக்கு ஒருமுறைதான் இருவரும் ஒரே இடத்தில் இறங்குவார்கள். நமக்குப் பழகிய கணக்கு இது. அன்றைய ராக் குழுக்களில் அரிது. (இதே ஹார்ட் 1991இல் ‘ப்ளானட் டிரம்’ ஆல்பத்தைச் செய்தபோது ஜாகிர் உசேனோடு சென்னையின் கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் அதில் வாசித்தார். உலக இசைக்கான முதல் கிராமி விருது அதற்குக் கிடைத்தது.)

இரண்டாவது புதுவரவு டாம் கான்ஸ்டன்டன். பாஸ் கிடார் வாசித்த பில் லெஷ்ஷும் அவரும் கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் நவீன இசையமைப்பாளர் லூச்சியானோ பெரியோவிடம் சேர்ந்து பயின்றவர்கள். கான்ஸ்டன்டன் அப்போது அமெரிக்க விமானப்படையில் இருந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்து போனார். அவர் கொண்டுவந்தது சோதனை இசையமைப்பாளர் ஜான் கேஜ் வழிவந்த ‘தயார்செய்யப்பட்ட பியானோ’. தந்திகளுக்கு நடுவே காசு, சீப்பு, துணிமாட்டும் கிளிப் போன்றவற்றைச் செருகிவிட்டால் கட்டையை அழுத்தும்போது சுரம் வராது. மணி, தகரம், மரக்கட்டை போன்ற ஓசைகள் வரும். சுழலும் பொம்மை ஜைரோஸ்கோப் ஒன்றையும் பியானோவின் ஒலிப்பலகைமேல் வைத்தார் கான்ஸ்டன்டன். அந்தப் பலகை தந்தியின் அதிர்வைப் பெருக்கிக் கொடுப்பதற்காகவே உள்ளது. அதன்மேல் சுழலும் உலோகம் தொட்டால் அந்த அதிர்வும் முழு அளவில் பெருகும். கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஹாஸிங்கர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார் என்பது இந்த ஆல்பத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை.

நவம்பரில் வடக்கு ஹாலிவுட்டிலும் டிசம்பரில் நியூயார்க்கிலும் ஸ்டூடியோ வேலை நடந்தது. வாரக்கணக்கில் போயும் ஆல்பம் முடியவில்லை. கடைசியில் வெடித்தது ‘பார்ன் க்ராஸ்-ஐட்’ பாட்டில். பாட்டு அடங்கும் ஓரிடத்தில் ‘கனமான காற்றின் ஓசை’ வேண்டும் என்று கிடாரிஸ்ட் பாப் வியர் கேட்டார். ஹாஸிங்கர் வேலையை விட்டு வெளியேறினார். இந்தச் சம்பவத்தைப் போதையில் உளறியதாகவே சிரித்துச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு அறையின் மௌனத்துக்கும் தனி ஓசை உண்டு. சினிமா ஒலிப்பதிவாளர்கள் படப்பிடிப்பு முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடமாவது அந்த அறையைப் பதிவுசெய்து வைத்துக்கொள்வது அதனால்தான். டேப்பில் வெறும் வெற்றிடம் வந்தால் காது உடனே ‘ஏதோ அறுந்தது’ என்று உணர்ந்துவிடும். வியர் கேட்டதில் பொருள் இருந்தது. அதைச் சொல்லும் சொல் அவரிடம் இல்லை, கேட்டுப் புரிந்துகொள்ளும் பொறுமை அந்த நேரத்தில் ஹாஸிங்கரிடம் மிச்சமில்லை.

டிசம்பர் 27 அன்று வார்னரின் ஜோ ஸ்மித் குழுவின் மேலாளருக்கு எழுதிய கடிதம் பிழைத்திருக்கிறது. இந்த நிறுவனம் இதுவரை ஈடுபட்டதிலேயே மிகவும் நியாயமற்ற வேலை இது என்றும், லெஷ்ஷை அடக்க உங்களில் ஆளே இல்லை என்றும் அதில் புகார். ஆனாலும் ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. குழு சான்ஃபிரான்சிஸ்கோ திரும்பி, மேடை ஒலியைக் கவனித்துவந்த டான் ஹீலியைப் பொறியாளராக வைத்துக்கொண்டு தானே முடிக்கத் தொடங்கியது.

அவர்கள் கையில் இருந்தது அரைகுறை ஸ்டூடியோ டேப். அதை மறுபடி வாசித்து முடிப்பதற்குப் பதிலாக, கச்சேரிகளையே பதிவுசெய்து அதோடு இணைப்பது என்று முடிவானது. 1967 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் ஷ்ரைன் அரங்கில் எடுத்தது ஏற்கெனவே இருந்தது. 1968 ஜனவரி, பிப்ரவரியில் வடமேற்குக் கடற்கரையோர ஊர்கள், சான்ஃபிரான்சிஸ்கோவின் கேரசல் அரங்கு, தாஹோ ஏரிக்கரையில் பழைய பவுலிங் கூடமாக இருந்த கிங்ஸ் பீச் பவுல் என்று ஒலிப்பதிவுக் கருவியோடு போனார்கள். பிறகு ஒரே பாட்டின் பல இரவுகளை எடுத்து, ஒன்று முடிய ஒன்று தொடங்குவதாக மட்டும் இல்லாமல், ஒரே நேரத்தில் ஓடுவதாகவும் கலந்தார்கள்.

இங்கேதான் சிக்கல்கள் தொடங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் காதால் பிடிக்கக்கூடிய அடையாளம் உண்டு.

முதல் சிக்கல் காலம். எந்தக் குழுவும் ஒரு பாட்டை இரண்டு இரவுகளில் ஒரே காலப்பிரமாணத்தில் வாசிக்காது. நிமிடத்துக்கு 140 அடி போகும் பாட்டில் ஓர் அடிக்கு 0.43 விநாடி. இரண்டு பதிவுக்கும் 1 சதவீதம் வேகம் வேறுபட்டால், சேர்ந்து கிளம்பியவை ஒரு நிமிடத்தில் 0.6 விநாடி விலகியிருக்கும். அதாவது ஏறக்குறைய ஒன்றரை அடி. வாசிப்பின் நடுவே இயல்பாக வரும் ஏற்ற இறக்கம் இதற்கு மேல்.

சரி, ஒரு டேப்பை 1 சதவீதம் வேகமாக ஓட்டினால்? காலம் சேரும், சுருதி போகும். டேப்பில் இரண்டையும் பிரிக்க முடியாது. 1 சதவீத வேகத்துக்குச் சுருதி ஒரு சுரத்தானத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஏறும்; 6 சதவீதம் ஓட்டினால் ஷட்ஜம் சுத்த ரிஷபத்துக்கே போய்விடும். மேடையில் காதால்தான் கிடார்களைச் சுருதி சேர்த்தார்கள். இரண்டு இரவின் சுருதி முதலிலேயே ஒன்றாக இருந்திருக்காது. ஆகவே காலத்தைச் சேர்க்கப் போனால் சுருதி இன்னும் விலகலாம், சுருதியைச் சேர்க்கப் போனால் காலம் விலகலாம். இரண்டும் ஒரே திசையில் விலகியிருக்கும் அதிர்ஷ்டமான இடங்களில் மட்டும் ஒரே திருகலில் இரண்டும் சரியாகும்.

இரண்டாவது சிக்கல் இயந்திரம். இரண்டு டேப் இயந்திரங்களை ஒன்றோடொன்று பூட்டி ஓட்டும் வசதி அப்போதைய இசை ஸ்டூடியோக்களில் சாதாரணமாக இல்லை. இரண்டையும் ஒரே கணத்தில் கிளப்பினாலும் வேகம் பிடிக்க ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. பழுதில்லாத இரண்டு இயந்திரங்களே மெல்ல மெல்ல விலகும். ஹீலி போன்றவர்களுக்கு இருந்த வழி இரண்டு: மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைத் திருகுவது, அல்லது ரீலின் விளிம்பில் விரலை வைத்துத் தடுத்துப் பிடிப்பது. விரல் பட்டால் சுருதி ஒரு கணம் தொய்யும். சிம்பல் ஓசையின் வாலில் அந்தத் தொய்வு நன்றாகக் கேட்கும்.

மூன்றாவது, கசிவு. மேடையில் டிரம்ஸுக்கு வைத்த மைக் பக்கத்துக் கிடார் ஆம்ப்ளிஃபையரையும் கேட்டுக்கொண்டிருக்கும். கலக்கும்போது ‘இந்த இரவின் டிரம்ஸ், அந்த இரவின் கிடார்’ என்று சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியாது. டிரம்ஸை எடுத்தால் அதோடு அந்த இரவின் கிடாரும் மங்கலாகக் கூடவே வரும். ஆல்பத்தின் நடுப்பகுதிகளில் தூரத்தில் யாரோ வேறு எதையோ வாசிப்பதுபோல் கேட்பதற்கு இதுவே போதுமான காரணம்.

நான்காவது அறை. ஷ்ரைன் பெரிய அரங்கு, எதிரொலி நீளம். பவுலிங் கூடம் தாழ்ந்த கூரை. ஸ்டூடியோ கிட்டத்தட்ட எதிரொலியே இல்லாத இடம். ஒரே பாட்டுக்குள் இவை மாறும்போது கேட்பவருக்குச் சுவர்கள் விரிந்து சுருங்குவதாகத் தோன்றும். ஆல்பத்தை வெறுப்பவர்கள் ‘தட்டையாக, சேறாக இருக்கிறது’ என்பதும், விரும்புபவர்கள் ‘அறை உருகுகிறது’ என்பதும் இந்த ஒரே நிகழ்வைத்தான்.

கலவையை ஒரே ஓட்டத்தில் செய்யவும் வழியில்லை. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களின் நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் தானியங்கிப் பலகைகள் வரவில்லை. கைகளால் ஏற்றி இறக்கி, ஒத்திகை பார்த்து, ஒவ்வொரு பகுதியாகக் கலந்து, சரியாக வந்ததை பிளேடால் வெட்டி ஒட்டவேண்டும். தவறினால் அந்தப் பகுதி மறுபடி முதலிலிருந்து. லெஷ்ஷும் குழுவின் முன்னணி கிடாரிஸ்ட் ஜெர்ரி கார்சியாவும் கலவைப் பலகையை ஒரு வாத்தியமாகவே வாசித்தார்கள் என்று சொல்வது மிகையில்லை.

இத்தனையும் தெரிந்தபின் முதல் பாட்டைக் கேட்கவேண்டும். ‘தட்ஸ் இட் ஃபார் தி அதர் ஒன்’ 7 நிமிடம் 40 விநாடி. அட்டையில் இதற்கு நான்கு உட்பிரிவுகள், நான்கு விசித்திரத் தலைப்புகள். அந்தப் பிரிப்புக்கு இசைக்காரணத்தைவிடப் பணக்காரணம் பெரிது: அமெரிக்காவில் அன்று ஒவ்வொரு தட்டுக்கும் பாட்டுக்கு 2 சென்ட் என்பதுதான் சட்டப்படியான பாடலாசிரியர் உரிமைத்தொகை. நீளமான ஒரு பாட்டு ஒன்றாகவே எண்ணப்படும். நான்காகப் பெயரிட்டால் நான்கு.

தொடக்கத்தில் கார்சியாவின் குரலில் மெல்லிய ஸ்டூடியோ பாட்டு. பிறகு டிரம்ஸ் உருண்டு வந்து, திஸ்ர நடையில் ‘தகிட தகிட தகிட தகிட’ என்று நான்கு அடிகளாகச் சுழலும் வியரின் பகுதி. அந்தச் சுழற்சிக்குள்தான் மேடைப் பதிவுகள் அடுக்கப்படுகின்றன. திஸ்ரம் இதற்கு வசதியானது. ஓரடியின் மூன்றில் ஒரு பங்கு விலகினாலும் அடுக்கு இன்னொரு தகிடவின் உள்ளே போய் விழுகிறது, பிசகாகக் காதில் குத்துவதில்லை. இதை அவர்கள் திட்டமிட்டார்களா என்பதைவிட, அடுக்கும் முறை இந்தப் பாட்டில் எடுபட்டு வேறிடங்களில் தடுமாறுவதற்கு இது ஒரு நல்ல விளக்கம் என்பதே முக்கியம். வியரின் வரிகளில் வரும் பேருந்து ஓட்டுநர் குழுவின் நண்பர் நீல் காசடி; 1968 பிப்ரவரி 4 அன்று, இந்தப் பதிவுகள் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, மெக்சிகோவில் இறந்தார். முதல் பகுதி மீண்டும் வந்து முடியும் இடத்தில் அடுக்குகள் பெருகி, கான்ஸ்டன்டனின் பியானோ உலோகக் குவியலாகச் சரிந்து, அடுத்த பாட்டின் மணியோசைக்குள் கரைகிறது. ஆல்பத்தின் உச்சம் இந்த இரண்டு நிமிடம்தான் என்பது என் கருத்து.

‘நியூ பொட்டேட்டோ கபூஸ்’ லெஷ்ஷின் இசை, கவிஞர் பாபி பீட்டர்சனின் வரிகள். அமைப்பு சுவாரஸ்யமானது, குரல்கள் பலவீனமானவை; எட்டரை நிமிடத்தைத் தாங்க அவை போதவில்லை. அதற்கடுத்த ‘பார்ன் க்ராஸ்-ஐட்’ இரண்டே நிமிடம், முழுக்க ஸ்டூடியோ, லெஷ்ஷின் டிரம்பெட் உட்பட. ஹாஸிங்கரை விரட்டிய பாட்டு இதுவே ஆல்பத்தில் மிகக் கச்சிதமானது என்பதை யாரும் போதுமான அளவு சொல்வதில்லை.

இரண்டாம் பக்கம் வேறு ஆளுடையது. ‘அலிகேட்டர்’, ‘காஷன்’ இரண்டிலும் குரல், ஆர்கன் வாசித்த ரான் மெக்கெர்னனுடையது. பிக்பென் என்று அழைக்கப்பட்ட அவர் ப்ளூஸில் ஊறியவர். பெரியோவுக்கும் கேஜுக்கும் அவருக்கும் ஒட்டுறவே இல்லை. ‘அலிகேட்டர்’ வரிகளில் ராபர்ட் ஹண்டருக்கும் பங்குண்டு. பிற்காலத்தில் குழுவின் பெரும்பாலான பாட்டுகளை எழுதப்போகிறவர் இந்த வழியாகத்தான் உள்ளே வந்தார். கசூ எனும் விளையாட்டுக் குழல் ஊதும் ஸ்டூடியோப் பாட்டாகத் தொடங்கி, டிரம்ஸ் வழியே மேடைக்குத் தாவி, கடைசியில் ‘காஷன்’ ஃபீட்பேக்கின் ஊளையில் முடிகிறது. முதல் பக்கத்தில் அடுக்கு பாட்டின் உள்ளமைப்பாக இருக்கிறது. இங்கே நீண்ட கச்சேரித் துண்டுகளை ஒட்டும் பசையாக இருக்கிறது. ‘இந்த ஆல்பத்துக்கு ஒரு முகம் இல்லை’ என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் இந்தப் பக்கத்தைப் பற்றியது, அதை மறுக்க எனக்கு வழியில்லை.

குழுவுக்குள்ளும் கருத்து ஒன்றாக இல்லை என்பதற்குச் சான்று தட்டிலேயே இருக்கிறது. 1971இல் லெஷ் மூல டேப்புகளிலிருந்து ஆல்பத்தை மறுபடி கலந்தார். அதே எண், அதே பெயர். ஆனால் சில அடுக்குகள் முன்னுக்கு வந்தன, சில மறைந்தன. ஆகவே இரண்டு பேர் இந்த ஆல்பத்தைப் பற்றி வாதாடும்போது அவர்கள் ஒரே ஒலியைக் கேட்டிருக்கவேண்டும் என்பதில்லை. பழைய தட்டு வாங்குபவர் அட்டையைப் பார்த்து ஏமாறக்கூடாது. தட்டின் மையத்தில் லேபிளைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் பொறித்த எண்ணைச் சாய்த்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்; எண்ணுக்குப் பின் ‘ஆர்ஈ’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது 1971 கலவை. 2018இல் வந்த ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பில் இரண்டு கலவைகளும் அடுத்தடுத்து இருப்பதால் ஒப்பிடுவது எளிது. என்னைக் கேட்டால் 1968 கலவைதான். 1971 கலவை தெளிவானது. ஆனால் தெளிவைத் தேடுபவருக்கு இந்தக் குழுவின் வேறு நல்ல தட்டுகள் இருக்கின்றன.

அடுக்கைக் காதால் பிடிக்க ஹெட்ஃபோன் தேவை. டிரம்ஸை நம்பவேண்டாம், ஏற்கெனவே இரண்டு டிரம்மர்கள். பாஸைப் பின்தொடர வேண்டும். குழுவில் பாஸ் வாசிப்பவர் ஒருவர்தான். ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பாஸ் வரிகள் கேட்டால் பெரும்பாலும் அங்கே இரண்டு இரவுகள் ஓடுகின்றன.

இந்த முறையை அவர்கள் மறுபடி கையாளவில்லை. அடுத்த ஸ்டூடியோ ஆல்பம் ‘ஆக்ஸோமோக்ஸோவா’ பதினாறு ஒலிகளைத் தனித்தனியே பதியும், புதிதாக வந்த 16 ட்ராக் இயந்திரத்தில் உருவானது. செலவு ஏறி, நிறுவனத்துக்குக் கடன் சுமார் 1,80,000 டாலரைத் தொட்டது. அதே 16 ட்ராக்கை மேடைக்குக் கொண்டுபோய் 1969இல் ‘லைவ்/டெட்’ வெளியிட்டார்கள். ஓர் இரவின் வாசிப்பை அப்படியே நல்ல ஒலியில் பிடிக்க முடிந்தபின் பல இரவுகளை ஒட்டும் தேவை போய்விட்டது.

அடுக்குவதற்கு முன் இந்தப் பாட்டுகள் எப்படி இருந்தன என்பதை இன்று நேராகவே கேட்கலாம். தாஹோ ஏரிக்கரைக் கச்சேரிகள் ‘டிக்ஸ் பிக்ஸ்’ வரிசையின் 22ஆம் தொகுப்பில் கிடைக்கின்றன. ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் இரண்டாவது வட்டில் 1967 அக்டோபர் 22 அன்று சான்ஃபிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் நடந்த கச்சேரி இருக்கிறது. ஹார்ட் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதல் பாட்டில் வியர் பாடும் பகுதியான ‘தி அதர் ஒன்’ அங்கே வேறு வரிகளோடு வருகிறது. காசடியின் பேருந்து இன்னும் பாட்டுக்குள் வரவில்லை. ஒரே அறை, ஒரே பாஸ். அதைக் கேட்டுவிட்டு உடனே 1968 கலவையின் அதே பகுதிக்குப் போனால், எந்த ஓசைகள் அந்த மேடையில் இல்லாதவை என்பதை விரல்விட்டு எண்ணலாம்.